டெக்சஸ் பள்ளிகளில் மதிப்பெண்ணும் கிரெடிட்டும்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூலை பிறந்தால் போதும், டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "பையன் ஊரில் பத்தாவது முடித்துவிட்டான், இங்கே எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்?", "பொங்கலுக்கு மூன்று வாரம் போய் வரலாமா?", "69 வாங்கினால் ஃபெயிலா?" இரண்டு பிள்ளைகளை இங்கே உயர்நிலைப் பள்ளி வரை படிக்க வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதையும் டெக்சஸ் மாநிலச் சட்டம் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒரு சொல்லை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'மாவட்டம்' என்று இங்கே எழுதுவதெல்லாம் பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஐ.எஸ்.டி. என்ற நிர்வாகம். டெக்சஸில் இவை ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மாநிலம் போட்டிருக்கும் விதிகள் கொஞ்சம்தான். மற்றதை ஒவ்வொரு மாவட்டமும் தானே முடிவு செய்கிறது. பக்கத்து ஊர் நண்பர் சொன்னது உங்கள் பள்ளிக்குப் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கிரெடிட் என்றால் என்ன? மதிப்பெண்ணும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. மதிப்பெண் என்பது ஒரு பாடத்தைப் பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று ஆசிரியர் சொல்வது. கிரெடிட் என்பது அந்தப் பாடத்தை முடித்துவிட்டதாகக் கணக்கில் ஏற்றுவது. ஓராண்டுப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடத்துக்கு அரை கிரெடிட். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதித் தேறினால் பள்ளிப் படிப்பு முடிந்தது. இங்கே ஒன்பதாம் வகுப்பு தொடங்கி நான்கு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த கிரெடிட்டுகள்தான் டிப்ளமா, அதாவது பள்ளிப் படிப்பை முடித்த சான்று.

மதிப்பெண் நன்றாக இருந்தும் கிரெடிட் கிடைக்காமல் போகலாம். எப்படி என்பதைக் கீழே வருகைப்பதிவு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மொத்தம் எத்தனை கிரெடிட் வேண்டும்?

குறைந்தபட்சம் 22. ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூக அறிவியல் 3, இன்னொரு மொழி 2, நுண்கலை 1, உடற்கல்வி 1, விருப்பப் பாடங்கள் 5. இது 2013-இல் நிறைவேறி 2014-15 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த திட்டம்.

ஆனால் 22 போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே பிள்ளை ஒரு 'எண்டார்ஸ்மென்ட்', அதாவது சிறப்புப் பாடப்பிரிவு, தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவியல்-கணிதம், வணிகம்-தொழில், பொதுச்சேவை, கலை-மானுடவியல், பல்துறை என ஐந்து இருக்கின்றன. அதை முடிக்க நான்காவது கணிதம், நான்காவது அறிவியல், கூடுதலாக இரண்டு விருப்பப் பாடங்கள் என்று மொத்தம் 26 ஆகும். அந்தக் கணிதப் பாடங்களில் அல்ஜீப்ரா 2 ஒன்றாக இருந்தால் 'டிஸ்டிங்குயிஷ்ட் லெவல்' என்ற தகுதி கிடைக்கிறது.

இந்தத் தகுதியைச் சும்மா ஒரு பெருமை என்று நினைத்து விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. 1997 சட்டப்படி, வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு குறைவு. 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து அது முதல் 5 சதவீதம். அந்த நேரடி இடத்தைக் கேட்க டிஸ்டிங்குயிஷ்ட் லெவல் வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பெற்றோர் எழுத்துமூலம் சம்மதித்தால் எண்டார்ஸ்மென்ட்டைக் கைவிட முடியும். அப்படி ஒரு தாள் கையெழுத்துக்கு வந்தால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று முழுதாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ஊரில் 35 எடுத்தால் பாஸ். இங்கே 70 வேண்டுமா?

ஆமாம். நூற்றுக்கு 70-க்குச் சமமான மதிப்பெண் இருந்தால்தான் கிரெடிட். இது மாநில விதி. எந்த மாவட்டமும் இதைக் குறைக்க முடியாது.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊரில் ஒரே பரீட்சை, அதில் 35. இங்கே வீட்டுப்பாடம், குவிஸ், புராஜெக்ட், தேர்வு எல்லாம் சேர்ந்து 70. ஒழுங்காக வேலையைச் சமர்ப்பிக்கும் பிள்ளை 70-க்குக் கீழே போவது குறைவு. பெரும்பாலும் கீழே இழுப்பது கொடுக்காமல் விட்ட வேலைகளுக்கு விழும் பூஜ்யங்கள்தான்.

முதல் செமஸ்டரில் 64, இரண்டாவதில் 78 என்றால்? இரண்டாவதற்குரிய அரை கிரெடிட்டைத் தனியாகக் கொடுக்கலாம். பல மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்துச் சராசரி 71 என்று முழு கிரெடிட்டும் கொடுத்துவிடுகின்றன. உங்கள் மாவட்டம் அப்படிச் செய்கிறதா என்று முதல் செமஸ்டர் முடிந்த உடனே கேளுங்கள், ஜூன் வரை காத்திருக்காதீர்கள். பதில் தெரிந்தால், இரண்டாம் செமஸ்டரில் எத்தனை வாங்க வேண்டும் என்று பிள்ளைக்கே ஓர் இலக்கு கிடைத்துவிடும்.

பூஜ்யம் போட்டுவிட்டார் ஆசிரியர். குறைந்தது 50 போடச் சொல்லிப் பள்ளியைக் கேட்கலாமா?

கேட்டுப் பயனில்லை. டெக்சஸ் கல்விச் சட்டத் தொகுப்பின் 28.0216-ஆம் பிரிவு 2009-இல் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் கல்வியாண்டு தொடங்கும் முன் மதிப்பெண் கொள்கை ஒன்றை ஏற்க வேண்டும் என்கிறது அது. பிள்ளை உண்மையில் எவ்வளவு கற்றிருக்கிறதோ அதைத்தான் மதிப்பெண் காட்ட வேண்டும். கற்றதைப் பார்க்காமல் 'இதற்குக் கீழே போடாதே' என்று ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சட்டம் வந்த புதிதில், ஹூஸ்டன் பக்கத்து மாவட்டங்கள் சில இது தனித்தனித் தேர்வுக்குத்தான், ரிப்போர்ட் கார்டுக்கு இல்லை என்று வழக்குப் போட்டன. 2010-இல் ஆஸ்டின் நீதிமன்றம் ரிப்போர்ட் கார்டுக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அதே பிரிவில் நமக்கு வேண்டிய இன்னொரு வரி இருக்கிறது. ஃபெயிலான ஒரு வேலையையோ தேர்வையோ திரும்பச் செய்ய நியாயமான வாய்ப்புக் கொடுக்க மாவட்டக் கொள்கை இடம் தரலாம். எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், திரும்ப எழுதினால் அதிகபட்சம் எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கேட்டால்தான் கிடைக்கும் வாய்ப்பு இது. பிள்ளைகள் கூச்சத்தில் கேட்பதில்லை. நாமும் "டீச்சரிடம் போய் வாதாடாதே" என்று வளர்த்திருக்கிறோம். இது வாதாடுவது ஆகாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இறுதி மதிப்பெண் தவறு என்று தோன்றினால் மாற்ற முடியுமா?

ஆசிரியர் கொடுத்த தேர்வு அல்லது பாட மதிப்பெண்தான் இறுதியானது. மூன்று காரணங்களுக்காக மட்டும் மாற்றலாம்: அது மனம்போன போக்கில் போடப்பட்டிருக்க வேண்டும், அல்லது கணக்குப் பிழை போலத் தவறு இருக்க வேண்டும், அல்லது மாவட்டத்தின் சொந்த மதிப்பெண் கொள்கைக்கு மாறாக இருக்க வேண்டும். அதை முடிவு செய்வது மாவட்டத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் குழு. அந்த முடிவுக்கு மேல் முறையீடு கிடையாது.

அதனால் "என் பிள்ளை நன்றாகப் படிப்பவள்" என்று சொல்லிப் போவதில் அர்த்தமில்லை. கொள்கையை அச்செடுத்து, எந்த வரிக்கு மாறாக இருக்கிறது என்று அடிக்கோடிட்டு எடுத்துப் போங்கள். முதலில் ஆசிரியர், அப்புறம் பிரின்சிபல் என்று மரியாதையோடு படிப்படியாகப் போனால், பெரும்பாலானவை குழு வரை போகாமலே தீர்ந்துவிடும்.

ஊருக்குப் போய் நீண்ட நாள் இருந்துவிட்டு வந்தால் கிரெடிட் போய்விடுமா?

போகலாம். நம் குடும்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வகுப்பு நடக்கும் நாட்களில் 90 சதவீதமாவது பிள்ளை வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 95 மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்த வகுப்புக்குக் கிரெடிட்டோ இறுதி மதிப்பெண்ணோ கொடுக்கக் கூடாது. இது 25.092-ஆம் பிரிவு. மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லோருக்கும் பொருந்தும்.

ஒரு செமஸ்டரில் 85 நாள் வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 நாள் வரை விடுபட்டால் பிரச்சினை இல்லை. பொங்கலை ஒட்டி மூன்று வாரம், அதாவது 15 பள்ளி நாள் போனால் வருகை 82 சதவீதம். ஆறு வாரம் போனால் 65 சதவீதத்துக்கும் கீழே.

75-க்கும் 90-க்கும் இடையில் இருந்தால், விட்ட பாடத்தை ஈடுகட்டப் பிரின்சிபல் ஒப்புக்கொள்ளும் திட்டம் ஒன்றை முடித்துக் கிரெடிட் வாங்கிவிடலாம். 75-க்கும் கீழே போனால் வருகைக் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் பெரும்பான்மையினர் வகுப்பு ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தது என்று அவர்கள் ஏற்றால் கிரெடிட் கொடுக்கலாம். மறுத்தால் டிரஸ்டிகள் குழுவிடம் முறையிடலாம்.

என் மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பா திருநெல்வேலியில் தவறிவிட்டார். கிடைத்த விமானத்தைப் பிடித்துக் குடும்பத்தோடு போனோம். பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பி வந்தபோது அவளுக்கு 17 பள்ளி நாட்கள் போயிருந்தன. செமஸ்டர் முடிவில் ரிப்போர்ட் கார்டில் மதிப்பெண்கள் எல்லாம் 90-க்கு மேல், ஆனால் ஏழு பாடங்களிலும் கிரெடிட் இல்லை. போகும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு இறப்புச் சான்றிதழின் நகல், விமானச் சீட்டு, ஒரு பக்கக் கடிதம் எல்லாம் கொடுத்தோம். சில வாரங்கள் மாலையில் கூடுதல் நேரம் உட்கார்ந்து பாடங்களை ஈடுகட்டினாள். எல்லாக் கிரெடிட்டும் திரும்பி வந்தது. தாத்தாவை இழந்த துக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அந்த வாரங்கள் தேவையே இல்லாத பாரம். நான் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் திட்டத்தை நிதானமாகவே தொடங்கியிருக்கலாம்.

அதனால் துக்கமோ கல்யாணமோ, கிளம்பும் முன் அட்டெண்டன்ஸ் அலுவலகத்துக்கும், பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலருக்கும் எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததும் பிரின்சிபலின் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பயணத்தை ஒரு செமஸ்டரின் கடைசி வாரத்திலும் அடுத்ததன் முதல் வாரத்திலுமாகப் பிரித்து வைத்தால் இரண்டு பக்கமும் 90-க்கு மேலேயே இருக்கலாம். ஆனால் தேர்வு வாரம் குறுக்கே வருகிறதா என்று பாருங்கள்.

தீபாவளிக்கு லீவு போட்டால்?

மத விழாவுக்காகப் போகாத நாளுக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. அதற்காகப் பயணம் செய்யும் நாளும் இதில் சேரும். குடியுரிமை விண்ணப்ப வேலையாக அரசு அலுவலகம் போவது, குடியுரிமை உறுதிமொழி நிகழ்ச்சி, நீதிமன்றம் ஆகியவையும் அப்படியே. மருத்துவரிடம் போனால், அன்றே பள்ளிக்கும் வந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். "தீபாவளி என்று டீச்சருக்கே தெரியுமே" என்று விட்டுவிட்டால் அது வெறும் ஆப்சென்ட்தான்.

தமிழ்நாட்டில் ஒன்பதும் பத்தும் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் படிப்பு கணக்கில் வருமா?

வரும், ஆனால் தானாக வராது. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவரின் பழைய பதிவுகளை மதிப்பிட்டு, தாமதமில்லாமல் சரியான வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று மாநில விதி மாவட்டத்துக்குச் சொல்கிறது. எந்தப் பாடத்துக்கு எந்தக் கிரெடிட் என்று முடிவெடுப்பது மாவட்டம்தான்.

இங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கிரெடிட் கணக்கு தொடங்குகிறது. நாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாகக் கொண்டுவருவோம். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டு மதிப்பெண்ணை அங்கேயே விட்டுவிடுவோம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒன்பது, பத்து, பதினொன்று என முடித்த ஒவ்வொரு வகுப்புக்கும் பாடவாரியான மதிப்பெண்ணை, பள்ளியின் முத்திரையும் தலைமையாசிரியர் கையெழுத்துமாக ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணிதம், அறிவியல் பாடத்திட்டத்தின் பொருளடக்கத்தையும் எடுத்து வாருங்கள். 'கணிதம்' என்று ஒரே பெயரில் இருக்கும் நம் பாடத்தில் அல்ஜீப்ரா எவ்வளவு, ஜியாமெட்ரி எவ்வளவு என்று கவுன்சிலருக்குக் காட்ட அதுதான் உதவும். மாற்றுச் சான்றிதழில் பாட விவரம் இருக்காது, அதை மட்டும் நம்பி வராதீர்கள்.

மதிப்பெண்ணை எப்படி மாற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள். 35 பாஸ் என்ற அளவுகோலில் வாங்கிய 68-ஐ அப்படியே 68 என்று பதிந்தால் இங்கே அது ஃபெயில். தேர்ச்சி விதி மதிப்பெண் பட்டியலில் அச்சாகி இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் பள்ளியிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்.

அமெரிக்க வரலாறு, அரசாங்கம் போன்றவற்றை எப்படியும் இங்கேதான் படித்தாக வேண்டும். நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு முதல் வருடம் அது கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும்.

வீட்டில் பேசும் தமிழுக்குக் கிரெடிட் கிடைக்குமா?

கிடைக்கும், உங்கள் மாவட்டம் அதற்கு வழி வைத்திருந்தால். 22-இல் இரண்டு கிரெடிட் ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியில் வேண்டும். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டாலும் தேர்வு எழுதிக் கிரெடிட் பெறலாம். பல மாவட்டங்கள் பயன்படுத்தும் அவாண்ட் ஸ்டாம்ப் தேர்வு தமிழிலும் இருக்கிறது. தமிழுக்கான அந்தத் தேர்வு எழுத்தையும் பேச்சையும் சோதிப்பது. வீட்டில் தமிழ் பேசிவிட்டு, எழுதத் தெரியாமல் இருக்கும் பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்காகவும்தான். நம் மொழி நம் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பதிவில், ஏறுவதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம்.

அந்த இரண்டு கிரெடிட்டுக்குப் பதிலாகக் கணினி நிரல்மொழிப் பாடங்களையும் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் வேறு மாநிலக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அங்கே மொழிப் பாடம் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம்?

பள்ளிக்கு வெளியே சமூக அமைப்புகள் நடத்தும் கலை வகுப்பை நுண்கலைக் கிரெடிட்டுக்கு ஏற்க மாவட்டத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. வெளியே செய்யும் உடற்பயிற்சியை உடற்கல்விக் கிரெடிட்டாக ஏற்கவும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் முன் அனுமதி வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு போய்க் கேட்டால் நடக்காது.

வகுப்பில் உட்காராமல் தேர்வு மட்டும் எழுதிக் கிரெடிட் வாங்கலாமா?

வாங்கலாம். அந்தப் பாடத்தை முன்பு முறையாகப் படிக்காத பிள்ளைக்கு 80 வேண்டும். படித்துவிட்டுக் கிரெடிட் இழந்த பிள்ளைக்கு 70 போதும். படிக்காமல் முன்னேறுவதற்கான தேர்வை மாவட்டம் ஆண்டில் நான்கு காலகட்டங்களில், கட்டணமில்லாமல் நடத்த வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு முறைதான் எழுதலாம். ஏ.பி. என்ற கல்லூரி நிலைப் பாடத்தின் தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியும் இப்படிக் கிரெடிட் பெற வழி உண்டு.

நம் சமூகத்தில் கோடை விடுமுறையில் ஜியாமெட்ரியைத் தேர்வு எழுதித் தாண்டுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பாடத்தில் ஆசை இருக்கும் பிள்ளைக்கு அது நல்லது. பக்கத்து வீட்டுப் பையன் தாண்டினான் என்பதற்காகத் தாண்ட வைத்த பிள்ளைகள், இரண்டு வருடம் கழித்து பிரீகால்குலஸில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் எடுக்கும் அல்ஜீப்ரா 1 உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் சேருமா?

சேரும். எந்த வகுப்பில் படித்தாலும் உயர்நிலைப் பள்ளிப் பாடத்தைத் தேறினால் கிரெடிட் கொடுக்க வேண்டும், டிரான்ஸ்கிரிப்டிலும் அப்படியே ஏறும். ஜி.பி.ஏ.வில், அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளியில், சேர்ப்பார்களா என்பது மட்டும் மாவட்டத்தின் முடிவு. 2023-இல் வந்த ஒரு சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் தாமாகவே உயர்கணித வகுப்பில் சேர்க்கிறார்கள். வேண்டாம் என்றால் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம்.

ஸ்டார் (STAAR) என்ற மாநிலத் தேர்வில் ஃபெயிலானால் கிரெடிட் போய்விடுமா?

போகாது. பாடத்தில் 70 வாங்கியிருந்தால் கிரெடிட் உண்டு. ஆனால் டிப்ளமாவுக்கு அல்ஜீப்ரா 1, உயிரியல், ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, அமெரிக்க வரலாறு என்ற ஐந்து மாநிலத் தேர்வுகளும் தேற வேண்டும் என்பதே இப்போதைய விதி. தேறும்வரை திரும்ப எழுதலாம். இரண்டு வரை தேறாமல் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த மாணவரைத் தனிக் குழு ஒன்று பரிசீலித்து டிப்ளமா அளிக்கலாம். ஊரில் படித்த ஒரு பாடத்தை மாவட்டம் கிரெடிட்டாக ஏற்றுவிட்டால், அந்தப் பாடத்துக்குரிய மாநிலத் தேர்வை எழுத வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது, கவுன்சிலரிடம் நினைவூட்டுங்கள். 2027-28 முதல் ஸ்டார் போய்ப் புதிய தேர்வு முறை வருகிறது. இப்போது நடுநிலைப் பள்ளியில் பிள்ளை இருப்பவர்கள் அந்த மாற்றத்தைக் கவனித்து வாருங்கள்.

ஒரு பாடத்தில் 68. பள்ளி இசைக்குழுவான பேண்டிலும் கால்பந்திலும் கலந்துகொள்ள விட மாட்டார்களாமே?

'நோ பாஸ், நோ பிளே' என்று 1984-இலிருந்து இருக்கும் விதி. மதிப்பெண் காலம் முடியும்போது ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இருந்தால், குறைந்தது மூன்று பள்ளி வாரம் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. பயிற்சிக்குப் போகலாம். ஏ.பி., ஆனர்ஸ் போன்ற குறிப்பிட்ட வகுப்புகளுக்கு விலக்கு உண்டு.

பிள்ளை பின்தங்குவது எங்களுக்கு எப்போது தெரியும்?

பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது எழுத்துமூல அறிக்கை தர வேண்டும். முக்கியப் பாடங்களில் தொடர்ந்து சரியில்லை என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறையோ, ஒன்பது வாரக் காலத்தின் நான்காவது வாரத்திலோ சொல்ல வேண்டும். நடைமுறையில் எல்லாம் பெற்றோர் செயலியில் அன்றன்றைக்கே தெரிந்துவிடுகிறது. தினமும் பார்த்துப் பிள்ளையை நச்சரிக்காமல் ஞாயிறு மாலை சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் பலன் தந்தது.

வேலை மாறி டாலஸிலிருந்து ஹூஸ்டன் போகிறோம். கிரெடிட் கூடவே வருமா?

வரும். அங்கீகாரம் பெற்ற ஒரு டெக்சஸ் மாவட்டத்தில் வாங்கிய கிரெடிட்டை வேறெந்த மாவட்டமும் ஏற்றே ஆக வேண்டும். ஆனால் ஜி.பி.ஏ.வும் ரேங்க்கும் அப்படி நகராது. ஏ.பி. வகுப்புக்கு ஒரு மாவட்டம் 5 வரை புள்ளி தரும், இன்னொன்று 6 வரை தரும். புதிய பள்ளி தன் அளவுகோலில் திரும்பக் கணக்குப் போடும். பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு வீடு மாறினால் ரேங்க் எப்படி மாறும் என்று புதிய மாவட்டத்தின் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்பது நல்லது.